வீட்டு வன்முறையும் மனச்சோர்வும்: மலையகப் பெருந்தோட்டப் பெண்களுக்கான உளச்சிகிச்சை பற்றிய சில குறிப்புகள்

மலையக மக்களின் வாழ்வை ஆராய்ந்த முற்போக்கு எழுத்தாளரும் ஆய்வாளரும், தேயிலை மலையைச் சுரண்டலின் களமாகக் காண்பதிற் காட்டிய கூர்மையை லயத்துக் காம்பராவுக்குள் நிகழ்வதைக் காண்பதிலும் காட்டினர் எனக் கூறுதல் கடினம். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற அதிகாரப் படிவரிசை எமது நாவல்களிலும் சிறுகதைகளிலும் துல்லியமாக இடம்பெற்றுள்ளது. அப்படிவரிசையின் கடைசியில் நிற்கும் ஆண், மாலையில் வீடு திரும்பியதும் தனக்குக் கீழே இன்னொரு படி இருப்பதைக் கண்டுகொள்கிறான் என்ற உண்மையோ பெரும்பாலும் கதையின் ஓரத்தில், குடிகாரக் கணவன் என்ற ஒரு வார்ப்புப் பாத்திரமாக நின்றுவிடுகின்றது. அவனிடம் அடிபட்ட பெண் அழுகின்றாள். மறுநாட் காலையிற் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகின்றாள். அந்த அழுகை மாதக்கணக்காகவும் வருடக்கணக்காகவும் நீண்டு நோயாக மாறும்போது என்ன நிகழ்கின்றது, அந்நோய்க்குச் சிகிச்சை உண்டா, உண்டெனில் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர் ஒருவருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என வினவலாம். நோயாளி தன் நோயைச் சொல்லும் மொழியும், கேட்பவர் அதனை விளங்கிக்கொள்ளும் முறையும் இச்சிகிச்சையின் மையமாக இருப்பதால் அவ்வினாவுக்கு விடை கட்டுரைப் போக்கிலேயே கிடைக்கும் என எண்ணுகின்றேன்.

முதலில் நோயின் இயல்பைக் குறிப்பிடுதல் அவசியமாகும். மனச்சோர்வு என்பது கவலையன்று. கவலைக்குக் காரணம் நீங்கினால் அதுவும் நீங்கும். வேறொன்றில் மனம் ஈடுபட்டால் சற்று மறக்கவும் இயலும். குறைந்தது இரண்டு வாரமேனும் ஏறத்தாழ நாள் முழுவதும் நீடிக்கும் துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, சிந்தனையும் செயலும் மந்தமாதல், தான் எதற்கும் பயனற்றவள் என்ற எண்ணம், அளவுமீறிய குற்றவுணர்வு, சாவு பற்றிய நினைவு ஆகியன சேர்ந்து வரும்போதே மருத்துவர் அதனை மனச்சோர்வு நோய் என்பர். கணவனின் வன்முறைக்கு உள்ளான பெண்களிடையே இந்நோய் ஏனைய பெண்களிடத்திற் காணப்படுவதிலும் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகின்றது என்பது உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பறிக்கையின் முடிவு. இலங்கையிற் குடிசன மதிப்பீடு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய அளவீட்டின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் 20.4 வீதமானோர், அதாவது ஐவரில் ஒருவர், அத்துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை வாழ்நாளில் ஒரு தடவையேனும் அனுபவித்துள்ளனர். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கின், இது சில துரதிஷ்டசாலிகளின் தனிப்பட்ட கதையன்று என்பது தெளிவாகும்.

இந்நோயை விளங்கிக்கொள்வதில் இரண்டு தவறான போக்குகள் உள. ஒன்று, நோயை நோயாளியின் மூளைக்குள் மாத்திரம் தேடி, மாத்திரை எழுதிக்கொடுத்து, அவளை அடித்தவனிடமே திருப்பியனுப்பும் போக்கு. மற்றையது எம்மவரிடையே காணப்படுவது: சமூக அமைப்பு மாறினால் இவை யாவும் தாமே தீரும், அதுவரை உளச்சிகிச்சை என்பது மத்தியதர வர்க்கத்தின் ஆடம்பரம் என்பது. முன்னதை எம்மவர் போதிய அளவு கண்டித்துள்ளனர். பின்னதைக் கண்டிக்க வேண்டிய கடமையும் எமக்குண்டு. நெஞ்சுச்சளி பிடித்த தொழிலாளிக்குச் சுரண்டல் ஒழியும்வரை மருந்து வேண்டாம் என எவரும் கூறுவதில்லை.

கார்ல் மார்க்ஸ் 1846ஆம் ஆண்டு, அதிகம் அறியப்படாத ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். பிரெஞ்சுப் பொலிஸ் ஆவணக் காப்பாளராக விளங்கிய ஜாக் பெஷே என்பவர் தம் நினைவுக் குறிப்புகளிலே தற்கொலைகள் பற்றி எழுதிய பகுதியைத் தெரிந்து, மொழிபெயர்த்து, இடையிடையே தம் கருத்துகளையும் சேர்த்து மார்க்ஸ் அதனை அமைத்தார். அதில் விரிவாகச் சொல்லப்படும் நிகழ்வுகள் நான்கினுள் மூன்று பெண்களுடையவை என்பது மனங்கொளத்தக்கது. அவர்களுள் ஒருத்தி, பொறாமை பிடித்த கணவனால் வீட்டினுள் அடைத்துவைக்கப்பட்டவள். அவளைக் கொன்றது பசியன்று, வேலையின்மையும் அன்று. மனைவியைத் தன் உடைமையாகக் கருதும் குடும்ப அமைப்பே என்பதை மார்க்ஸ் வெளிப்படையாக எழுதினார். கூலியுறவை ஆராய்ந்த அறிஞர், வீட்டினுள் நிகழும் ஒடுக்குமுறையை இரண்டாந்தரப் பிரச்சினையாகக் கொள்ளவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இலண்டனில் ஜோர்ஜ் பிரவுண், திரில் ஹரிஸ் ஆகிய இருவரும் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்திய ஆய்வு, 1978இல் ‘மனச்சோர்வின் சமூகத் தோற்றுவாய்கள்’ என்ற பொருளுடைய தலைப்பில் நூலாயிற்று. மத்தியதர வர்க்கப் பெண்களிலும் தொழிலாள வர்க்கப் பெண்களிடையே நோய் மிகுதி என்பதை அது காட்டியது. வாழ்வில் ஓர் இடி விழும்போது எவர் நோயுறுவர் என்பதைத் தீர்மானிக்கும் நான்கு பலவீன நிலைமைகளையும் அவர்கள் இனங்கண்டனர்: பதினொரு வயதுக்குள் தாயை இழந்திருத்தல், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ வீட்டில் இருத்தல், வீட்டுக்கு வெளியே கூலிவேலை இல்லாதிருத்தல், மனந்திறந்து பேசத்தக்க நெருங்கிய துணை இல்லாதிருத்தல்.

இவற்றுள் மூன்றாவது நிலைமை மலையகத்தைப் பொறுத்தவரை ஆழ்ந்து நோக்கற்பாலது. இலண்டன் பெண்ணுக்கு வெளிவேலை ஓரளவு கவசமாக அமைந்தது. மலையகப் பெண்ணோ நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக வெளிவேலை செய்பவள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டதிலிருந்து, கொழுந்து பறித்தல் பெருமளவு பெண்ணின் தொழிலாகவே இருந்துவந்துள்ளது. ஆயின் அவ்வேலை அவளுக்குக் கவசமாகவில்லை. காரணம் யாது? அவள் உழைத்த சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியமையை ரேச்சல் குரியனின் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பதே 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர்தான் கிட்டியது. குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் 2015இல் வெளியிட்ட நூலில், வர்க்கம், சாதி, இனம், ஆணாதிக்கம் என்பன ஒன்றையொன்று தாங்கிநிற்கும் ஓர் ஒழுங்கைப் பெருந்தோட்ட ஆணாதிக்கம் என வருணித்தனர். கூலி வேலை என்பது தன்னளவில் விடுதலையன்று. அக்கூலி எவர் கையில் விழுகின்றது, அதைச் செலவிடுவதை எவர் தீர்மானிக்கின்றார் என்பனவே உளநலத்தைத் தீர்மானிக்கின்றன. உழைப்பவள் உழைப்பின் பயனிலிருந்து அந்நியமாதல் என நாம் ஏட்டிற் படிப்பது, இங்கு தொழிற்சாலை வாசலில் ஒரு தடவையும் வீட்டு வாசலில் ஒரு தடவையுமாக இரு முறை நிகழ்கின்றது.

அவளது நாளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து தண்ணீர் எடுத்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, குறித்த நேரத்துக்கு மலையேற வேண்டும். நிறுவைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். மாலையில் விறகு, சமையல், துவைப்பு. ஆணின் வேலை பல தோட்டங்களிற் பகலோடு முடிந்துவிட, அவனுக்கு மிஞ்சும் மாலைப்பொழுது கள்ளுக்கடையிலோ சாராயக் கடையிலோ கழிகின்றது. சம்பள நாளன்று அடி அதிகம் என்பது மலையகத்திற் பிறந்த எவருக்கும் புதிய செய்தியன்று. குடித்தாற்றான் அப்படி, மற்றப்படி நல்ல மனிசன் என அயலவர் கூறும் சமாதானத்தையும் இங்கு சற்று ஆராய வேண்டும். அதே மனிதன் அதே வெறியிலே துரையை அடிப்பதில்லை, கணக்கப்பிள்ளையைத் திட்டுவதுமில்லை. எவரை அடிக்கலாம் என்ற அறிவு வெறியிலும் அவனுக்குத் தெளிவாகவே உள்ளது. எனவே குடி வன்முறையைப் பெருக்குகின்றதேயன்றி, அதனைத் தோற்றுவிப்பதன்று.

அடுத்தது வீடு. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் வரிசையாய் அமைந்த லயம், கோப்பிக் காலத்துக் கூலிப் படைக்கென உருவான அமைப்பு. 1970களின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களின் போதும் லயத்துக் குடும்பத்துக்கு வீட்டுரிமை கிட்டவில்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடுகள் கட்டப்பட்டு வருகின்றனவாயினும், லயங்களில் வாழ்வோர் இன்னமும் பலர். ஒற்றைக் காம்பராவின் நெருக்கடி குடும்ப உறவுகளை எவ்வாறு குலைக்கின்றது என்பதைத் தெளிவத்தை ஜோசப் தமது ‘மீன்கள்’ சிறுகதையில் எழுதினார். வன்முறைக்கும் அந்நெருக்கடிக்கும் உள்ள தொடர்பு இரட்டைத்தன்மை வாய்ந்தது. அடி விழும் சத்தம் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருந்தும் எவரும் கேட்பதில்லை என்பதனால், அவள் தனிமை சுவர்களால் மறைக்கப்பட்ட பெண்ணின் தனிமையிலும் கொடியதாகின்றது. வெளியேறிச் செல்லவும் இடமில்லை. தாய்வீடும் இன்னொரு லயம்; அங்கும் ஒரு காம்பராவே உண்டு. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வோர் அனைவரும் வறுமையினாலேயே செல்கின்றனர் எனக் கொள்வதும் முழு உண்மையாகாது.

இனி மொழிக்கு வருவோம். மனச்சோர்வு என்ற சொல் லயத்தில் வழங்குவதில்லை. தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைச்சல், மேலெல்லாம் வலி, இரவு முழுக்க யோசனை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றே பெண்கள் கூறுவர். தோட்டத்து மருந்துசாலையில் வலிமாத்திரை கிடைக்கும். அடுத்த வாரம் மீண்டும் வருவாள். உளத்துயரை உடல்வலியாகச் சொல்லுதல் அறியாமையினால் அன்று. உடல் வலித்தாற் பேர் போகாமல் ஒரு நாள் படுக்க இயலலாம், மருந்து கேட்க இயலும், எவரும் சிரிக்கமாட்டார்கள். மனம் வலிக்கின்றது என்றால் பைத்தியம் என்ற பட்டமே மிஞ்சும். அங்கொடை என்ற ஊர்ப்பெயரே மலையகத்தில் வசைச் சொல்லாக வழங்குவது நாம் அறிந்ததே. தமிழரிடையே உளத்துயர் வெளிப்படும் வழிகளை யாழ்ப்பாணத்தில் விரிவாக ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர், உடல் முறைப்பாடுகளின் இம்முதன்மையைச் சுட்டியுள்ளனர். சிகிச்சையாளர் செய்யவேண்டியது, உங்களுக்கு வலி இல்லை, மனச்சோர்வு என்று அவளைத் திருத்துவதன்று. அவள் சொல்லும் வலியிலிருந்தே உரையாடலைத் தொடங்குவதாகும்.

வேறொரு மொழியும் உண்டு. பேய் பிடித்தல், முனி அடித்தல் எனக் கூறிக் கோடாங்கியிடம் கொண்டுபோதலை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் பகுத்தறிவாளருக்கு எளிது. ஆயினும் ஆடும்போது அப்பெண் எவற்றையெல்லாம் பேசுகின்றாள் எனக் கவனித்தல் வேண்டும். பெயர் சொல்லாக் கணவனைப் பெயர் சொல்லித் திட்டுகின்றாள், மாமியாரைச் சாடுகின்றாள், தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுகின்றாள். பேசுவது அவளல்ல, பேய் என்பதால் எவரும் தண்டிப்பதில்லை. ஒப்பாரியும் இத்தகையதே. இறந்தவரை முன்னிட்டு இருப்பவனைப் பற்றிச் சொல்லும் வாய்ப்பை அது தருகின்றது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ போன்ற தொகுதிகளை நாம் இதுவரை தோட்டத்துரைக்கு எதிரான குரலாகவே பெரிதும் வாசித்துவந்தோம். வீட்டுக்குள் எழுந்த குரலாகவும் அப்பாடல் மரபை மீள வாசித்தல் தகும். ஆயினும் கோடாங்கியின் சடங்குக்கு ஓர் எல்லை உண்டு. பேய் இறங்கியதும் பெண் அதே காம்பராவுக்கே திரும்புகின்றாள். மாத்திரை மட்டும் கொடுக்கும் மருத்துவமனைக்கும் கோடாங்கிக்கும் இவ்வகையில் அதிக வேறுபாடில்லை எனலாம்.

அவ்வாறாயின் சிகிச்சை என்பது யாது? அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூல், வன்முறைக்கு உட்பட்டோரின் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தது: பாதுகாப்பை நிலைநாட்டல், நடந்ததை நினைந்து துக்கித்தல், மீண்டும் பிறரோடு இணைதல். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்குச் செல்லலாகாது என்பதே இதன் உயிர்நாடி. இன்றிரவும் அடிபடப்போகும் பெண்ணிடம் நேற்றைய அடியைப் பற்றிக் கிளறுதல் சிகிச்சையன்று. ஆகவே முதற்சந்திப்பில் அவளைத் தனியே காணவேண்டும். கணவன் உடன்வந்திருந்தால் ஏதேனும் காரணம் காட்டி அவனை வெளியே இருத்த வேண்டும். கூறுவதைக் குறுக்கிடாது கேட்டல், அவளை நம்புதல், அடிபட்டது அவள் குற்றமன்று எனத் தெளிவாகச் சொல்லுதல், ஆபத்தின் அளவை மதிப்பிடுதல், உதவிக்கான வழிகளைக் காட்டுதல் என உலக சுகாதார நிறுவனம் முதனிலை உதவியை வரையறுத்துள்ளது. கழுத்தை நெரித்தானா, ஆயுதம் காட்டினானா, கொல்வேன் என்றானா, அடி அண்மையிற் கூடியுள்ளதா, அவளுக்குச் சாகும் எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்டல் வேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றுவதில்லை. வன்முறை தொடரும்வரை கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக இருத்திச் சமரசம் பேசுதல் தவிர்க்கப்படவேண்டியது. அவ்விடத்தில் அவள் உண்மை பேசினால் வீட்டில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

இவ்விடத்திற் பீடைநாசினி பற்றியும் ஒரு வார்த்தை. 1995ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய நச்சுப் பீடைநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, 2005 அளவில் அது பாதியாகக் குறைந்தது. பின்னர் பரகுவாட் களைநாசினியும் நிறுத்தப்பட்டது. துயரம் பாதியாகக் குறையவில்லை; ஆனால் ஒரு கணத்து முடிவு மரணமாக மாறும் வாய்ப்புக் குறைந்தது. பாதுகாப்பு என்ற சொல் சட்டம், களஞ்சியத்துப் பூட்டு ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பாதுகாப்பு ஓரளவு கிட்டியபின் சிகிச்சை பல வடிவங்களைக் கொள்ளலாம். கடுமையான சோர்வுக்கு மருந்துகள் பயன்படும். அவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும் என்பதையும், நலமானவுடன் நிறுத்திவிடலாகாது என்பதையும் எடுத்துக்கூறாமையாலேயே பலர் இடையிற் கைவிடுகின்றனர். மருந்தைத் தூற்றுதல் சிலரிடம் முற்போக்கின் அடையாளமாகிவிட்டது. அது வீண் வீம்பு. அறிகை நடத்தைச் சிகிச்சை, எண்ணம், உணர்வு, செயல் ஆகியவற்றுக்கிடையேயான பிணைப்பை ஆராய்ந்து, நோயைத் தாங்கிநிற்கும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்குகின்றது. நான் ஒழுங்காகச் சமைத்திருந்தால் அடித்திருக்கமாட்டார் என்பது அத்தகைய எண்ணம். சமையல் ஒழுங்காக இருந்த நாட்களில் அடி விழவில்லையா என அவளையே எண்ணிப் பார்க்கச் செய்தால், அவ்வெண்ணம் தானே ஆட்டங்காணும். இதே முறையைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தினால் தீங்கும் விளையும். அவர் என்னைக் கொன்றுவிடுவார் என்ற எண்ணம் சிந்தனைக் கோளாறாக இல்லாமல் சரியான கணிப்பாகவும் இருக்கலாம். எது நோயின் குரல், எது அனுபவத்தின் குரல் எனப் பிரித்தறிதல் சிகிச்சையாளரின் முதற்கடன்.

செயலூக்கச் சிகிச்சை எனத்தக்க மற்றொரு முறை, சோர்வினாற் கைவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாக மீட்டெடுக்கச் செய்வது. செயல் முதலில், மனநிலை பின்னே என்பது அதன் கோட்பாடு. மலையகத்தில் இதனை அப்படியே கையாளின் நகைப்புக்கிடமாகும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்துக்குப் படுப்பவளிடம் ஏதாவது செய்யுங்கள் எனக் கூறுவதா? அவளுக்குக் குறைவாயிருப்பது செயலன்று, தனக்கென்ற செயல். ஆகவே இங்கு அட்டவணையில் ஒரு வேலையைக் கூட்டுவதிலும், ஒன்றைக் குறைத்து அவ்விடத்தில் அவளுக்கென ஒரு பொழுதை வைப்பதே பொருத்தம். கோயிலுக்குப் போதல், தோழியோடு கடைக்குப் போதல், சிறிய வீட்டுத்தோட்டம், பழைய பாட்டு, எதுவாயினும் ஆகுக. அதனை அவளே தெரிவு செய்தாள் என்பதே மருந்து.

இங்கு ஒரு கோட்பாட்டு விவாதத்தையும் சுட்டுதல் பொருந்தும். லெனோர் வோக்கர் 1979இல், மார்ட்டின் செலிக்மன் நாய்களை வைத்து நடத்திய பரிசோதனைகளிலிருந்து எடுத்தாண்ட கருத்தொன்றைக் கொண்டு, அடிபடும் பெண் காலப்போக்கில் இயலாமையைக் கற்றுக்கொள்கின்றாள் என விளக்கினார். 1988இல் கொண்டோல்வ், பிஷர் ஆகியோர் டெக்சாஸ் மாநிலப் பாதுகாப்பு இல்லங்களுக்கு வந்த பெண்களின் விபரங்களை ஆராய்ந்து அதனை மறுத்தனர். வன்முறை கூடக்கூடப் பெண்கள் உதவி தேடுவதும் கூடுகின்றது. தோல்வியுறுவது அவர்களன்று, உதவவேண்டிய நிறுவனங்களே என்பது அவர்கள் முடிவு. லயத்துப் பெண்ணின் வரலாறும் இதனையே காட்டும். பக்கத்துக் காம்பராவில் ஒளிந்தாள், தலைவரிடம் போனாள், தாய்வீடு சென்றாள், பொலிசுக்கும் போனாள். ஒவ்வோரிடமும் அவளைத் திருப்பியனுப்பியது. அவள் இயலாமையைக் கற்கவில்லை. அது அவளுக்குக் கற்பிக்கப்பட்டது.

உளச்சிகிச்சை வசதிபடைத்த நாடுகளுக்கே உரியது என்ற எண்ணத்தைக் கடந்த இருபது வருட ஆய்வுகள் தகர்த்துள்ளன. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில், பல்கலைக்கழகம் காணாத சுகாதாரப் பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சையின் எளிய வடிவத்தை வழங்கினர். 2008இல் வெளிவந்த முடிவின்படி, பிரசவித்து ஆறு மாதத்தின்பின் அவர்களுள் 23 வீதமானோரே நோயுற்றிருந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் அது 53 வீதம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேல் குழுவினர் சாதாரண மக்களுள்ளிருந்து பயிற்றிய ஆலோசகர்களைக் கொண்டு ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் செயலூக்கச் சிகிச்சை அளித்தனர். 2017இல் வெளியான அவ்வாய்வில், மூன்று மாதத்தில் நோய் நீங்கியோர் 64 வீதம். ஒப்பீட்டுக் குழுவில் 39 வீதம். சிகிச்சை பெற்ற பெண்களிடையே கணவரின் உடல்ரீதியான வன்முறையும் குறைவாக அறிவிக்கப்பட்டது என்பது எமது பொருளுக்கு முக்கியமானது. அதே ஆண்டு நைரோபியில், பால்நிலை வன்முறைக்குட்பட்ட வறிய பெண்களுக்குச் சமூக சுகாதார ஊழியர்கள் ஐந்து சந்திப்புகளில் அளித்த பிரச்சினை முகாமைப் பயிற்சியும் உளத்துயரைக் குறைத்தது. துணைவரின் வன்முறைக்குட்பட்ட பெண்களுக்கான உளச்சிகிச்சைகள் பற்றி 2020இல் வெளிவந்த கொக்ரேன் தொகுப்பாய்வு, அவை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என முடிவுசெய்தது; வன்முறை மீண்டும் நிகழாது தடுக்கின்றனவா என்பதற்குத் தக்க சான்று அதற்குக் கிட்டவில்லை. இது எதிர்பார்க்கத்தக்கதே. அடிக்கின்றவன் சிகிச்சை அறைக்கு வெளியே இருக்கின்றான்.

இவ்வாய்வுகளிலிருந்து மலையகம் பெறத்தக்க பாடம் யாது? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களுட் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். இவர்களுடைய மொழியில், இவர்களுடைய நேரத்தில், நடந்துசெல்லக்கூடிய தூரத்தில் உளநலசேவை கிடைத்தல் வேண்டும். நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையும், 2017இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தைக் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் நகரத்தையொட்டியவை. மேல்மலைத் தோட்டத்திலிருந்து வரும் பெண்ணுக்கு ஒரு பேரும் பஸ் கூலியும் போகும். அரசாங்க வைத்தியசாலைகளில் ‘மித்துரு பியச’ எனச் சிங்களத்திலும் ‘நட்பு நிலையம்’ எனத் தமிழிலும் வழங்கும் பிரிவுகள், வன்முறைக்குட்பட்ட பெண்களுக்கெனவே அமைந்தவை. பெயர் நல்ல பெயர். ஆனால் உள்ளே இருப்பவர் தமிழிற் கேட்டு விளங்கிக்கொள்பவராக இல்லாவிடின், பெயர்ப்பலகையோடு நட்பு முடிந்துவிடும். துயரத்தை மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லுதல், அதிலும் அவர் அதே தோட்டத்தவராயின், சொல்லாமலிருப்பதற்குச் சமம். 1926 என்ற உளநல உதவி இலக்கமும் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் பயனுள்ளவையே. ஒற்றைக் காம்பராவில் எவர் காதிலும் விழாமல் பேசக்கூடிய இடமும் வேளையும் அவளுக்கு முதலிற் கிடைத்தல் வேண்டும்.

ஆகவே பாகிஸ்தானிற் போல, ஏற்கெனவே லயத்துக்குள் நுழையும் உரிமை பெற்றவரிடமிருந்து தொடங்குதல் அறிவுடைமை. குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளை நிறுக்க வருவதை எந்தக் கணவனும் தடுப்பதில்லை. பாகிஸ்தான் திட்டமும் பிள்ளையின் நலத்தை முன்வைத்தே வீட்டாரின் சம்மதத்தைப் பெற்றது. தாய் என்ற அளவில் மாத்திரமே பெண்ணுக்குச் சிகிச்சை கிட்டுவது கொள்கையளவில் எமக்கு உவப்பன்று. எனினும் கதவு திறக்கும் பக்கமாகத்தான் உள்ளே போகவேண்டும். பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளரும் அவ்வாறே முக்கியமானவர். எந்தத் தாய் முகம் வீங்கி வருகின்றாள் என்பது அவருக்கே முதலில் தெரியும். இவர்களுக்குப் பயிற்சியும், அவர்களை மேற்பார்க்கும் உளமருத்துவ நிபுணரும், இரகசியம் காக்கும் ஒழுங்கும் வேண்டும். இறுதியானது எளிதன்று. லயத்தில் வார்த்தை தங்குவதில்லை.

குழுச்சிகிச்சை பற்றிக் கூறும்போதும் இச்சிக்கல் எழுகின்றது. ஒரே மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் நன்கறிவர். அவர்களிடையே நிலவும் தோழமை, பிரவுண், ஹரிஸ் கூறிய மனந்திறக்கும் துணைக்கு ஈடாகக்கூடியது. அதே அறிமுகம் அச்சத்தையும் தரும். தோழியின் கணவன் தன் கணவனோடு குடிப்பவன். எனவே குழுவில் எவரும் தம் கதையைச் சொல்லவேண்டியதில்லை, உறக்கம், வலி, யோசனை ஆகியவற்றைச் சமாளிக்கும் முறைகளைப் பழகினாற் போதும் எனத் தொடங்கி, நம்பிக்கை வளர்ந்தபின் மற்றவற்றுக்குச் செல்லுதல் தகும்.

சட்டத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளவேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், நீதவான் நீதிமன்றம் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், 12 மாதம் வரையிலான பாதுகாப்புக் கட்டளையும் வழங்க இடமளிக்கின்றது. உடற்காயத்தை மாத்திரமன்றி, தொடர்ச்சியான கடும் இழிவுபடுத்தலையும் அது வன்முறையாக ஏற்கின்றது. உளவளத்துணைக்குச் செல்லுமாறு பணிக்கும் அதிகாரமும் நீதிமன்றுக்கு உண்டு. ஆயினும் லயத்துப் பிணக்கு நீதிமன்றம்வரை வருவது அரிது. தோட்டத் தலைவர் முன்னிலையில், இனி அடிக்கமாட்டேன் என அவனும், இனி வாய்காட்டமாட்டேன் என அவளும் சொல்லிச் சமாதானமாகின்றனர். அடியையும் வாயையும் சமனாக நிறுக்கும் தராசு அது. அச்சமாதானம் அவளுக்கு எதைக் கற்பிக்கின்றது என்பதை மேலே கண்டோம்.

அத்தலைவர் ஒரு தொழிற்சங்கத்தவர் என்பதே இடதுசாரிகள் கவனிக்க வேண்டியது. சங்கங்களுக்குச் சந்தா செலுத்துவோரிற் பெருந்தொகையினர் பெண்கள். தலைமையில் இருப்போர் ஆண்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்துக்காகப் போராடி, 2021இல் 1000 ரூபாய் என்ற இலக்கை எட்டிய இயக்கத்தால் வேறு சிலவற்றையும் கேட்க முடியும். உளநலக் கிளினிக்குக்குச் சென்ற நாளுக்குப் பேர் வெட்டப்படாதிருத்தல், பெண்ணின் சம்பளம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே செல்லுதல், பாதுகாப்புக் கட்டளை பெற்ற பெண்ணுக்கு அதே தோட்டத்தில் வேறொரு காம்பரா ஒதுக்கப்படுதல், புதிய வீடுகளின் உறுதியில் மனைவி பெயரும் இடம்பெறுதல் என்பன அவை. இவற்றுள் எதற்கும் உளமருத்துவர் தேவையில்லை. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் கிட்டிய பெண்ணுக்கும் கிட்டாத பெண்ணுக்கும் ஒரே மாத்திரையும் ஒரே ஐந்து சந்திப்புகளும் ஒரே பலனைத் தரும் என எதிர்பார்க்க முடியாது. கோரிக்கைப் பட்டியலைத் தயாரிப்போர் அடுத்த கூட்டத்துக்கு முன்னர், பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் ஒருவரை அழைத்து அரைமணி நேரம் கேட்பாராயின், இதனினும் நீண்ட பட்டியல் அவர் கையிற் கிடைக்கும்.